மாடித் தொட்டி வற்றிய ஞாயிற்றுக்கிழமை

பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். எழுதப் பழகியவர்கள் எழுதும் இடத்தில் நுழைந்து, அதுவும் கக்கூஸைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. பேசியது ஒரே ஒரு தடவை. அதைத்தான் எழுதுகிறேன்.

எங்கள் வீடு ராஜபாளையத்தில். மாமனார் கட்டிய வீட்டின் நடுவே சுவர் எழுப்பி, இந்தப் பக்கம் நாங்களும் அந்தப் பக்கம் கொழுந்தன் குடும்பமும் இருக்கிறோம். அண்டா குண்டா வரை பிரித்தவர்கள் மாடியில் இருந்த தண்ணீர்த் தொட்டியை மட்டும் பொதுவில் விட்டுவிட்டார்கள். நகராட்சித் தண்ணீர் வரும் நாளில் மோட்டார் போட்டு மேலே ஏற்றினால், அடுத்த முறை வரும்வரை இரண்டு வீட்டுக்கும் அதுதான்.

என் கணவர் பட்டாளத்தில் சமையல்கட்டில் இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ஜவுளிக்கடைக்குக் காவல். கொழுந்தன் லோடு வேன் வைத்திருக்கிறார். இருவருக்கும் வாயைவிடக் கை முந்தும். தீபாவளிக்குச் சட்டை கிழியாமல் அவர்கள் பேசிப் பிரிந்ததை நான் பார்த்ததில்லை.

கொஞ்ச நாளாகத் தொட்டி நிற்கவில்லை. ஏற்றிய தண்ணீர் மறுநாளே காலியானது. குழாய்களில் ஒழுக்கு இல்லை, மாடியில் ஈரம் இல்லை. என் கணவர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்.

“வண்டி கழுவுதான். நம்ம தூங்குன பொறவு நம்ம தண்ணியில வண்டி கழுவுதான்.”

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அவர் முகத்துக்குச் சோப்புப் போட்டு, பாதி மழித்த பிறகு கத்தியைக் கழுவக் குழாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. அந்த முகத்தோடு, இடுப்பில் துண்டோடு, வாசல் வழியாக அந்தப் பக்கம் போனார். நானும் பின்னாலேயே ஓடினேன். கொழுந்தன் ஒரு வாளித் தண்ணீரை வைத்துக்கொண்டு வேன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவருடைய கெட்ட நேரம்.

வாளியை என் கணவர் எத்திவிட்டார். அது உருண்டு தெருச் சாக்கடையில் விழுந்தது.

“எம்புட்டு நாளா இந்தத் திருட்டு?”

“அது அடிபம்புத் தண்ணி. மோந்து பாருண்ணே, துருவாடை அடிக்கும்.”

“மாடியில இருந்த அம்புட்டுத் தண்ணியும் எங்கலே போச்சு?”

“என்னைக் கேட்டா? பட்டாளத்துக்காரரு நீதான். காவ காக்க வேண்டியதுதான?” கொழுந்தன் சிரித்தார். “நீ அங்க சுட்டதெல்லாம் சப்பாத்திதானே.”

தெருவில் நின்றவர்களும் சிரித்துவிட்டார்கள். அதுதான் தாங்கவில்லை. பேச்சு நின்றது. என் கணவர் வேனில் கிடந்த பைப் ரெஞ்சை எடுத்து, மாடியிலிருந்து தம்பி வீட்டுக்கு இறங்கும் குழாயை மூன்று நான்கு அடி அடித்தார். குழாய் சில்லுச்சில்லாகத் தெறித்தது. கொழுந்தன் பின்னாலிருந்து கழுத்தைப் பிடித்தார். என் கணவர் திரும்பின வேகத்தில் ரெஞ்சு தம்பியின் மண்டையில் பட்டது. ரத்தம் புருவத்தில் இறங்கி வாய்க்குள் போனது. அவர் அதைத் துப்பிவிட்டு வேனுக்கு அடியில் கிடந்த வீல் ஸ்பேனரை எடுத்தார். அடி என் கணவரின் மணிக்கட்டில் விழுந்தது. எலும்பு இருக்கும் இடத்தில் விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது.

அப்புறம் தரையில் உருண்டார்கள். என் கணவர் தம்பியின் நெஞ்சில் முழங்காலை ஊன்றி, நல்ல கையால் அவர் தலையைச் சிமெண்டில் மோதினார். கொழுந்தன் மனைவி ஓடி வந்து என் கணவரின் தோளைக் கடித்தாள். பல் பதிந்த இடத்தில் தோல் பிய்ந்தது. அப்போதும் அவர் விடவில்லை.

“அக்கா, அவியளப் புடிங்க. செத்தே போயிருவாரு.”

என்னால் அவரைப் பிடித்து நிறுத்த முடியாது. தலையில் தண்ணீரைக் கொட்டினால் கை தளரும் என்று தோன்றியது. உள்ளே ஓடினேன். குடத்தில் இல்லை, அண்டாவில் இல்லை. வீட்டில் தண்ணீர் மிச்சம் இருக்கும் ஒரே இடம் கக்கூஸின் ஃப்ளஷ் டேங்க்தான் என்று நினைவு வந்தது. அதன் மூடியைத் தூக்கினேன்.

அவர் பட்டாளத்தில் இருந்த வருஷங்களில் அந்த டேங்கின் வாஷரை நானே மாற்றியிருக்கிறேன். தண்ணீர் எதுவரை நிற்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். மிஞ்சும் தண்ணீர் வெளியேற நடுவில் நிற்கும் வழிகுழாயின் வாய்க்கு ஒரு விரல் கீழே. இப்போது வாயோடு வாயாக நின்றது. பக்கத்தில் ஒரு முழுச் செங்கல். அதன் விளிம்புக்கு அடியில் மிதவைப் பந்து மாட்டிக்கொண்டு கிடந்தது. பந்து மேலே வந்தால்தான் தண்ணீர் அடைபடும். வராததால் மாடித் தண்ணீர் இரவும் பகலும் இறங்கி, வழிகுழாய்க்குள் விழுந்து, சத்தமில்லாமல் செப்டிக் டேங்குக்குப் போயிருக்கிறது.

செங்கல் வைத்தது என் கணவர். டேங்கில் இடம் குறைந்தால் தண்ணீர் மிச்சமாகும் என்று யாரோ சொன்னதைக் கேட்டுச் செய்ததாக அப்புறம் ஒப்புக்கொண்டார். அதுவரை என்னிடம் சொல்லவில்லை.

வெளியே மறுபடியும் தலை சிமெண்டில் மோதும் சத்தம். இன்னும் இரண்டு முறை மோதினால் ஒருவர் பிணம், ஒருவர் ஜெயில். நான் வாசலுக்கு வந்து கத்தினேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

“தண்ணிய அவரு எடுக்கல. நம்ம கக்கூஸ்தான் குடிச்சிருக்கு. வந்து பாருங்க.”

அந்த வார்த்தையில்தான் கை நின்றது. “என்னட்டி உளறுத?” என்று எழுந்தார். கொழுந்தன் ஸ்பேனரை விடாமல் பின்னாலேயே வந்தார். அவர் மனைவி குடிக்க வைத்திருந்த குடத்தை நான் கேட்டு வாங்கினேன். டேங்குக்குள் துணிக்குப் போடும் நீலத்தைக் கொட்டிக் கலக்கினேன். பிறகு யாரும் ஃப்ளஷைத் தொடாமல், குடத்துத் தண்ணீரை டேங்கில் மெதுவாக ஊற்றினேன். மட்டம் ஏறவில்லை. கீழே பீங்கானுக்குள் நீலமாக இறங்கியது. ஊற்ற ஊற்ற இறங்கியது.

கை விட்டுச் செங்கலைத் தூக்கி வெளியே வைத்தேன். பந்து குபுக்கென்று மேலே வந்தது.

கொழுந்தன் முகமெல்லாம் ரத்தத்தோடு அண்ணனைப் பார்த்து, “உள்ள செங்கல் போட்டது யாரு மதினி?” என்று என்னிடம் கேட்டார். என் கண் என் கணவர் பக்கம் போனது. கொழுந்தனுக்குப் புரிந்துவிட்டது. “கழுவுறதுக்கும் ரேஷனாண்ணே?” என்றார்.

என் கணவர் செங்கலை எடுத்தார். கொழுந்தன் மனைவி தன் புருஷனை இழுத்துச் சுவரோடு தள்ளினாள். நான் நடுவில் நின்றேன். நிற்க வேண்டும் என்று நினைத்து நிற்கவில்லை, ஒதுங்க இடமில்லை. செங்கல் என் காதோரம் போனது. பீங்கானில் விழுந்து அதை இரண்டாகப் பிளந்தது. நீலத் தண்ணீர் எங்கள் நான்கு பேர் காலையும் நனைத்தது. கொழுந்தன் தலையிலிருந்து சொட்டியது அதில் கலந்தது. என் கணவர் உடைந்ததைப் பார்த்துக்கொண்டு வீங்கிய கையைப் பிடித்தபடி அங்கேயே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார். பாதி முகத்தில் சோப்பு காய்ந்திருந்தது.

“வண்டியில ஏறுண்ணே. எனக்குத் தையல் போடணும், உனக்குக் கட்டும் போடணும்,” என்றார் கொழுந்தன். “நான் ஓட்ட முடியாது. கண்ணுல ரத்தம் எறங்குது. தெருவுல எவனையாவது கூப்பிடு.”

மறுநாள் என் கணவர் வேலைக்குப் போகவில்லை. நாங்கள் கொழுந்தன் வீட்டுக் கக்கூஸுக்குத்தான் போனோம். உடைந்த குழாயை மாற்றித் தண்ணீர் ஏற்றியதும் பார்த்தால், அவர்கள் டேங்கிலும் மட்டம் கூடுதலாக இருந்தது. மிதவையின் திருகைத் திருப்பி ஒரு விரல் இறக்கி வைத்தேன்.