மூச்சக்காவின் முகம்

"இடது பக்கமாத் திரும்பிப் படுங்க. மூச்சை இழுங்க... பிடிங்க... விடுங்க."

காலை எட்டரைக்கு ஆரம்பித்தால் மாலை நாலு வரை மூச்சக்காவின் வாயில் இதேதான். ஒரு நாளைக்கு இருபது பேர், ஒருவருக்குக் குறைந்தது பத்துத் தடவை. அந்தப் பெயரை யார் வைத்தார்களோ, ஆஸ்பத்திரியின் வாசல் காவலாளி வரைக்கும் அவள் மூச்சக்காதான். வீட்டில் கணவர் கோபமாக ஏதாவது பேசத் தொடங்கினால்கூடத் தன்னை அறியாமல் "மூச்சை விடுங்க" என்பாள். "சட்டையையும் கழட்டணுமா?" என்று அவர் கேட்பார். சண்டை அதோடு முடிந்துவிடும்.

எக்கோ அறை எப்போதும் இருட்டாக இருக்கும். அப்போதுதான் திரையில் இதயம் துலக்கமாகத் தெரியும். ஒரு கட்டில், ஏறி இறங்க ஒரு படிப்பலகை, ஒரு இயந்திரம், அதன் பக்கத்தில் ஒரு வெந்நீர்க் குவளை. நெஞ்சில் தடவும் ஜெல் குப்பியை அவள் அந்தக் குவளைக்குள்தான் நிறுத்தி வைத்திருப்பாள். இயந்திரத்தோடு வந்த கையேட்டில் அப்படி எதுவும் எழுதியிருக்கவில்லை. கேட்டால், "ஏற்கெனவே பயந்துபோய் வந்திருக்கற மனுஷனுக்கு ஜில்லுன்னு வேற எதையாவது தடவணுமா?" என்பாள். பரிசோதனை முடிந்ததும் முதல் வேலை விளக்கைப் போடுவது. இறங்குகிறவர் படிப்பலகையைத் தவறவிட்டு விழுந்துவிடக் கூடாது. இருபத்திரண்டு வருடமாக இதில் ஒரு நாள்கூட மாற்றம் இல்லை.

முகங்களை அவள் மறந்துவிடுவாள். கடைவீதியில் யாராவது வாய் நிறைய "அக்கா, நல்லா இருக்கீங்களா?" என்று நின்றால் திருதிருவென்று விழிப்பாள். அதே ஆள் இடது பக்கமாகப் படுத்து, இதயம் திரைக்கு வந்தால் போதும், "ஓ, நீங்களா!" என்பாள். எந்த வால்வு கொஞ்சம் சோம்பேறி, எந்தச் சுவர் தடிமன் என்பதெல்லாம் வருடக்கணக்கில் அவள் மண்டையில் தங்கும்.

அவளுடைய முகமோ ஒன்றும் சொல்லாது. அதற்குக் காரணம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், திரையைப் பார்த்துக்கொண்டே ஒரு நாள் "த்சொ" என்று உச்சுக்கொட்டிவிட்டாள். பேனாவில் மை தீர்ந்துபோன எரிச்சல், அவ்வளவுதான். கட்டிலில் கிடந்தவர் தன் கதை முடிந்தது என்று நினைத்துவிட்டார். வியர்த்துக் கொட்டி, ரத்த அழுத்தம் எகிறி, இரண்டு நாள் வார்டில் சேர்க்க வேண்டியதாகிவிட்டது. அன்றைக்குப் பூட்டிய முகம்தான். மகள் பள்ளியில் முதல் மதிப்பெண் வாங்கி வந்தபோதும் அம்மா முகத்தைப் பார்த்துவிட்டு, பெயிலாகிவிட்டோமோ என்று விடைத்தாளை மறுபடி எடுத்துப் பார்த்தாளாம்.

இப்படிப்பட்ட முகம்தான் வேண்டும் என்று போன வருடம் ஆராய்ச்சிக் குழுவிலிருந்து ஆள் வந்தது. மாரடைப்பில் இதயச் சுவரின் ஒரு பகுதி செத்துப்போனவர்களுக்கான ஸ்டெம் செல் ஆராய்ச்சி அது. எல்லாருக்கும் இடுப்பு எலும்பிலிருந்து மஜ்ஜையை எடுப்பார்கள். பாதிப் பேருக்கு அதிலிருந்து பிரித்த செல்களை இதயத்துக்குள் செலுத்துவார்கள். மீதிப் பேருக்கு வெறும் உப்பு நீர். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, அளக்கும் மூச்சக்காவுக்கும் தெரியக் கூடாது. அவளும் பார்த்ததைச் சொல்லக் கூடாது. ஒவ்வொரு படத்தையும் அவளும் பக்கத்து அறைத் தோழியும் தனித்தனியாக அளக்க வேண்டும். இருவரும் எண்ணைப் பதிந்த பிறகுதான் ஒருவர் போட்டது மற்றவருக்குத் தெரியும்.

அந்த நோயாளிகளில் ஒருவர் வெல்டர். முன்கையெல்லாம் பொறி பட்ட தழும்பு. இதயத்தின் நுனிப்பக்கச் சுவரில் ஒரு துண்டு அசைவற்றுக் கிடந்தது. பம்பிங், அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் ரத்தம், இருபத்தெட்டு சதவீதம்; நல்ல இதயத்தில் ஐம்பத்தைந்துக்கு மேல் இருக்கும். கடைசி எக்கோவில் அது முப்பத்தைந்தைத் தாண்டவில்லை என்றால் இதயம் தாறுமாறாகத் துடித்தால் ஷாக் கொடுத்துச் சீராக்கும் ஒரு கருவியை நெஞ்சில் பொருத்திவிடுவார்கள். உயிருக்கு அது காவல். ஆனால் அதற்குப் பிறகு வெல்டிங் மெஷின் பக்கமே போகக் கூடாது; அதன் மின்காந்தம் கருவியைக் குழப்பிவிடும். "வேற தொழில் எனக்கு என்னக்கா தெரியும்?" என்று முதல் நாளே அவர் கேட்டிருந்தார். பேசக் கூடாது என்று உதட்டில் விரலை வைத்துக் காட்டியிருந்தாள்.

அந்தக் கடைசி எக்கோவுக்குப் போன வியாழக்கிழமை வந்தார். சட்டையைக் கழற்றி, சொல்லாமலே இடது பக்கம் திரும்பிப் படுத்தார். குவளையிலிருந்து குப்பியை எடுத்துத் தடவினாள். மூச்சை இழுக்கச் சொன்னாள், பிடிக்கச் சொன்னாள், திரையைப் பார்த்தாள். விடச் சொல்ல மறந்துபோனாள்.

செத்துக் கிடந்த அந்த மூலை லேசாக உள்ளே வந்து போயிற்று. பக்கத்துச் சுவர் இழுத்த இழுப்பாக இருக்கும் என்று கையிலிருந்த ஸ்கேன் கருவியைச் சாய்த்து வேறு கோணத்தில் பார்த்தாள். இல்லை, தானாகத்தான் அசைந்தது.

"அக்கா, விடட்டுமா?" என்றார் வெல்டர், மூச்சடக்கிய குரலில்.

"ஐயோ, விடுங்க விடுங்க."

அளந்தாள். முப்பத்தேழு. அவளுக்கு நம்பிக்கை வரவில்லை, திரை மேல் இல்லை, தன் மேல்தான். ஆசை கையைப் பிடித்துத் தள்ளியிருக்கும் என்று, அளப்பதற்காக இதயத்தின் விளிம்பை ஒட்டிப் போட்ட கோட்டை அழித்தாள். மறுபடி, ஓரத்தில் ஒரு மயிரிழைகூட விட்டுக்கொடுக்காமல் இறுக்கிப் போட்டாள். மூன்றாவது தடவையும் போட்டாள். முப்பத்தாறுதான் வந்தது. அதையே பதிந்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். படம் சரியில்லை என்று தோழி சொன்னால் திரும்ப எடுக்க வேண்டியிருக்கும் என்பதால் வெல்டரும் அப்படியே கிடந்தார்.

ஐந்து நிமிடம் கழித்துத் தோழியின் எண் திரைக்கு வந்தது. முப்பத்தெட்டு.

கஞ்சத்தனம் பண்ணியது நான்தானா என்று நினைத்துக்கொண்டாள். அசைய வைத்தது உள்ளே செலுத்திய செல்லா, ஒழுங்காகச் சாப்பிட்ட மாத்திரையா, அதை இனிமேல்தான் கணக்குப் போட்டுச் சொல்வார்கள். உப்பு நீரோடு தேறியவர்களும் உண்டு என்பது அவளுக்குத் தெரியும். எதுவாக இருந்தால் என்ன? அவளுடைய அப்பாவுக்கு இதே மாதிரி ஒரு மூலை செத்தபோது, "ஓய்வா வச்சுக்கங்க" என்பதைத் தவிர யாரிடமும் ஒரு வார்த்தை இருக்கவில்லை. மஜ்ஜையைப் பிரித்தவர்கள், உப்பு நீராகவும் இருக்கலாம் என்று தெரிந்தும் இடுப்பைக் காட்டிப் படுத்த இவர்கள், இந்தப் பழைய இயந்திரம் என்று எல்லார் மேலும் அவளுக்கு நன்றி பொங்கிக்கொண்டு வந்தது. ஆனால் அடுத்த வாரம் டாக்டர் சொல்லும்வரை ஒரு வார்த்தை பேசக் கூடாது.

துடைத்துக்கொள்ளத் துண்டை நீட்டினாள்.

"நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்க்கா. நீங்க சொல்லக் கூடாதுன்னு தெரியும்" என்றார் வெல்டர். "ஒரு தேங்க்ஸ் மட்டும் சொல்லிக்கட்டுமா?"

"எதுக்கு?"

"ஜெல்லுக்கு. ஒரு வருஷமா எத்தனையோ ரூம்ல படுத்து எழுந்தாச்சு. எல்லா இடத்துலயும் ஜில்லுன்னுதான் வச்சாங்க. இங்க வந்தாத்தான் பயம் கொஞ்சம் இறங்கும்."

கட்டில் கிறீச்சிட்டது. அவர் கால் இருட்டில் படிப்பலகையைத் தேடித் துழாவியது.

"அக்கா, லைட்டுப் போடலையா?"

மூச்சக்காவின் விரல் சுவிட்சின் மேல்தான் இருந்தது. முகம்தான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. சிரிப்பு காது வரை போய்விட்டது, கண் இரண்டும் வழிந்துகொண்டிருந்தன.

"இருங்க" என்றாள். சுவிட்சை அழுத்தாமலே மறு கையை நீட்டி, தழும்பேறிய அந்த முன்கையைத் தேடிப் பிடித்து, இருட்டிலேயே அவரைப் பத்திரமாகக் கீழே இறக்கிவிட்டாள்.