அப்பா கூட்டிப்போன படகு

அந்தப் படகைப் பார்த்ததுமே எனக்குப் பிடிக்கவில்லை. புகை இல்லை, டீசல் நாற்றம் இல்லை, தடதடப்பு இல்லை. கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி வெள்ளையாக நின்றது. கூரை முழுக்கக் கறுப்புப் பலகைகள். அவைதான் பகலெல்லாம் வெயிலைக் குடித்துப் படகை ஓட்டுமாம். சத்தம் போடாமல் நகர்கிற எதன்மீதும் எனக்குச் சந்தேகம் வரும். பூனைமீது வரும். நேரத்துக்கு வீடு திரும்புகிற கணவர்மீது வரும். இரண்டு மாதமாக அது அப்பாமீது வந்து உட்கார்ந்திருந்தது.

அம்மா போனதிலிருந்து அப்பா எங்களோடு நெல்லித்தோப்பில் இருக்கிறார். பஞ்சாலையில் தறி ஓட்டியவர். ஆலை மூடி எவ்வளவோ காலம் ஆகிவிட்டது, காது மட்டும் அங்கேயே தங்கிவிட்டது. இரண்டு மாதம் முன்பு ஒரு காலை, இட்லியைப் பிட்டுக்கொண்டே சொன்னார்:

"நான் தனியா ஒரு வூடு பாத்துக்கினு போலாம்னு இருக்கேன் பாப்பா."

எனக்கு ஐம்பது நெருங்குகிறது. அவருக்கு நான் இன்னும் பாப்பா.

"ஏன், இங்க இன்னா கொறை?"

"கொறை ஒண்ணும் இல்ல."

"அப்புறம்?"

"சட்னி நல்லாருக்கு," என்றார்.

அதற்குமேல் ஒரு சொல் வாங்க முடியவில்லை. ஆனால் எனக்குத் தெரிந்துவிட்டது. அப்பாவாக இதை யோசித்திருக்க மாட்டார். கறிவேப்பிலை எங்கே இருக்கிறது என்பதையே தானாக யோசிக்காத மனிதர். யாரோ பின்னாலிருந்து அவரை என் வீட்டிலிருந்து உருவுகிறார்கள். யார்? அந்த ஒரு கேள்வி என் நாட்களுக்குள் கறையான் மாதிரி நடந்தது.

கவனிக்கத் தொடங்கினேன். ஒன்றுவிட்டு ஒருநாள் முகம் மழித்தவர் தினமும் மழித்தார். சாயங்காலம் கடற்கரைக்கு நடக்கப் போகும்போது சட்டையைத் தானே தேய்த்துப் போட்டுக்கொண்டார், அதுவும் காலர் மட்டும் இரண்டு தடவை. ஒருநாள் துணி எடுக்க மாடிக்குப் போனேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று, போனை முகத்துக்கு நேரே பிடித்தபடி வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். குரல் இல்லை. இன்னொரு கை காற்றில் எதையோ முடிச்சுப் போட்டது.

அது ஆலைப் பேச்சு. தறிகளின் இரைச்சலில் கத்தினாலும் கேட்காது என்பதால், அங்கே வேலை செய்தவர்கள் எல்லாரும் வாயைப் பெரிதாக அசைத்துக் கையால் துணை சொல்லிப் பேசிக்கொள்வார்கள். எதிராளி உதட்டைப் பார்த்துப் படித்துக்கொள்வார். வீட்டுக்கு வந்தால் நேர் எதிர். உப்பு கேட்டாலும் தெரு திரும்பிப் பார்க்கும். 'மில்லுல ஊமை, வூட்ல தவுலு' என்று அம்மா அலுத்துக்கொள்வாள். அவள் ஆலைக்குள் கால் வைத்தவள் இல்லை. அந்தப் பேச்சு அவளுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது.

ஆக, பழைய ஆலைக் கூட்டாளி ஒருவன்தான் அப்பாவுக்கு ஓதுகிறான் என்று முடிவுகட்டினேன். பெண்டாட்டியை இழந்தவனாக இருக்கும். துணைக்கு ஆள் தேடுகிறான். கணவரிடம் சொன்னேன். சேதராப்பட்டு கம்பெனி ஷிப்டுக்கு ஷூ கட்டிக்கொண்டே, "எழுவத்தஞ்சு வயசு ஆள எவன்டி கடத்திக்கினு போவப்போறான்?" என்றார். சிரிக்கிறவர்களுக்கு என்ன, சிரித்துவிட்டு வேலைக்குப் போய்விடுவார்கள்.

அப்படி இருக்கும்போதுதான் அப்பா கூப்பிட்டார்.

"ஞாயித்துக்கிழமை போட்ல போலாம் வா. சூரியன் மறையறத கடல்லருந்து காட்டறாங்களாம்."

"நம்ம கடல்ல எங்கப்பா சூரியன் மறையும்? அது மொளைக்கிற பக்கம் இல்ல?"

"அது அவங்க பாடு. நீ வா."

கிழக்குக் கடலில் அஸ்தமனம் காட்டுகிறவர்களை எப்படி நம்புவது? பொழுதுபோக்கு என்று ஒரு நாளும் எங்கேயும் கிளம்பாத அப்பாவை எப்படி நம்புவது? போனேன். நம்பாதவர்கள்தான் கட்டாயம் போயாக வேண்டும்.

ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். இரண்டு பக்கமும் நீள இருக்கைகள், எதிரெதிராக. படகுக்காரரிடம் கேட்டேன்: "வெயில்ல ஓடறது, வெயில் போனப்புறம் எப்படித் திரும்பி வரும்?"

"பேட்டரி இருக்கு மேடம்."

"அதுவும் தீந்துட்டா?"

"நீந்தறதுக்குதான் மேடம் அந்தச் சட்டை," என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் சட்டையின் வாரை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தேன்.

எங்களுக்கு எதிரே ஒரு அம்மாள், எழுபது இருக்கும், இளம்பச்சைச் சேலை. பக்கத்தில் அவர் மகன், என் வயதுக்காரர், ஹெல்மெட்டை மடியிலிருந்து இறக்காமல் உட்கார்ந்திருந்தார். அந்தப் பக்கம் சென்னையிலிருந்து வந்த புதுத் தம்பதி. வேறு சிலர். அந்த அம்மாளை நான் கவனித்ததற்குக் காரணம் உண்டு. முன்பின் தெரியாதவர்கள் எதிரெதிரே உட்கார்ந்தால் ஒரு தடவையாவது பார்த்துக்கொள்வார்கள். அப்பாவும் அந்த அம்மாளும் ஒரு தடவைகூடப் பார்த்துக்கொள்ளவில்லை. அவ்வளவு கவனமாகப் பார்க்காமல் இருக்கத் தெரிந்தவர்களிடம்தான் பார்ப்பதற்கு ஏதோ இருக்கிறது.

படகு நகர்ந்தது. நகர்ந்ததா, கரைதான் எங்களை விட்டு விலகியதா? கழிமுகத்துத் தண்ணீர் எண்ணெய் தடவிய தலை மாதிரி வழவழவென்று பிளந்து, பின்னால் கூடிக்கொண்டது. ஒரு கொக்கு பறக்கவில்லை. அதற்கு நாங்கள் வருவதே தெரியவில்லை. எதிரே வந்த மீன்படகு டீசல் புகையும் இரைச்சலுமாய் எங்களைக் கடந்தது. அதிலிருந்து ஒருவர் கத்தினார்:

"இன்னாடா, பொணம் மாதிரி மெதந்துக்கினு போவுது! கயிறு போடட்டா?"

"போ, போ! ஒன் சத்தத்துல மீனு பெங்களூருக்கு ஓடிப்போச்சு!" என்றார் படகுக்காரர்.

இரைச்சல் தேய்ந்ததும் மறுபடி அந்த அமைதி. அது இதம் என்று விளம்பரத்தில் சொல்லியிருந்தார்கள். எனக்கு அது ஒட்டுக்கேட்கிற அமைதியாகத்தான் பட்டது. யார் எதைச் சொன்னாலும் எல்லார் காதிலும் விழுந்தது. புதுப்பெண், "உங்கம்மா மாதிரியே பேசுறீங்க" என்று கிசுகிசுத்தது படகின் மறுமுனைவரை போயிற்று. அதன்பிறகு எல்லாரும் குரலைத் தணித்துக்கொண்டார்கள்.

முகத்துவாரம் தாண்டி, கரையை ஒட்டி வடக்கே திரும்பினோம். அலை லேசாகப் படகைத் தூக்கி, யோசித்து, இறக்கியது. அப்போதுதான் பார்த்தேன். எல்லாரும் கடலைப் பார்க்க, அப்பாவின் வாய் அசைந்தது. பெரிதாக, குரலின்றி. அந்த அம்மாளின் வாய் பதிலுக்கு அசைந்தது. அவர் விரல்கள் மடியில் எதையோ முடிந்து, அவிழ்த்தன. அப்பா தலையாட்டினார்.

கூட்டாளி, கூட்டாளி என்று இத்தனை நாளும் மீசை வைத்த ஒருவனைத்தான் தேடியிருந்தேன்.

ஆலையின் இரைச்சலுக்குள் அந்தப் பேச்சு ஒளிந்துகொள்ளும். ஊசி விழுந்தால் கேட்கிற இந்தப் படகில் அதுதான் பளிச்சென்று தெரிந்தது. இவர்களுக்கு அது உறைக்கவே இல்லை. யாருக்கும் கேட்கவில்லை, ஆகவே யாருக்கும் தெரியவில்லை என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். அந்த மகனும் பார்த்துவிட்டிருந்தார். அவர் கண் அப்பாவிடமிருந்து என்னிடம் வந்தது. நான் அவரைச் சந்தேகித்தேன், அவர் என்னைச் சந்தேகித்தார்.

ஊருக்கு நேரே வந்ததும் படகு நின்றது. "எல்லாரும் கரைப்பக்கம் பாருங்க," என்றார் படகுக்காரர். இதுதானா சூட்சுமம்! கடலில் உட்கார்ந்துகொண்டு நிலத்தைப் பார்க்க வேண்டும். கருங்கல் கொட்டிய கரை, காந்தி சிலை, கலங்கரை விளக்கம், வெள்ளை வெளேரென்று மேரி என்கிற நகராட்சிக் கட்டடம். அவற்றுக்கெல்லாம் பின்னால், எங்கள் நெல்லித்தோப்புக்கும் பக்கத்துச் சாரத்துக்கும் மேலே, செல்போன் கோபுரங்களுக்கு நடுவே சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. கடற்கரைச் சாலையில் நின்று காலையில் பார்த்துப் பழகிய சூரியன் இல்லை இது. பழுத்து, கனத்து, எங்கள் தெருவின் மொட்டைமாடிகள்மீது உட்காரப் போகிற சூரியன். நான் பிறந்து வளர்ந்த ஊரை நான் பின்பக்கமாகப் பார்த்ததே இல்லை. அல்லது இதுதான் முன்பக்கமோ?

"பாப்பா," என்றார் அப்பா. தவில் குரல். படகு முழுக்கத் திரும்பியது. "இவங்களும் நம்ம மில்லுதான். நாங்க ரெண்டு பேரும் சாரத்துல ஒரு வூடு பாத்துருக்கோம். ஒண்ணா இருக்கப்போறோம்."

நான் எழுந்துவிட்டேன். எதிரே அந்த மகனும் எழுந்துவிட்டார். எழுந்தபிறகு இருவரும் நின்றோம். போக இடம் இல்லை. ஒரு பக்கம் தண்ணீர், இன்னொரு பக்கமும் தண்ணீர்.

"ஒக்காருங்க சார், ஒக்காருங்க மேடம், போட் சாயுது," என்றார் படகுக்காரர்.

உட்கார்ந்தோம்.

"இதுக்குத்தான் இங்க இட்டாந்தியா?" என்றேன்.

"வூட்ல சொன்னா நீ எழுந்து அடுப்பங்கரைக்குப் போயிடுவ. பாத்திரத்த டமார் டமார்னு போடுவ. இங்க எங்க போவ?"

"இவன் வண்டிய எடுத்துக்கினு பூடுவான்," என்றார் அந்த அம்மாள், மகனின் ஹெல்மெட்டைக் காட்டி.

"யோவ்..." என்று மகன் தொடங்கினார்.

"மரியாதையா பேசுடா," என்றார் அந்த அம்மாள்.

"சரி, பெரியவரே. ஊர் சிரிக்காதா? எங்கம்மாவுக்கு நான் சோறு போடலையா?"

"போட்ட சாமி. நல்லாத்தான் போட்ட," என்றார் அந்த அம்மாள். "டிவி முன்னால தட்ட வெச்சிட்டு நீங்கல்லாம் ரூமுக்குள்ள போயிடுவீங்க. டிவி என் மூஞ்சியப் பாத்துப் பேசுமாடா?"

சென்னைத் தம்பதி சூரியனைப் படம் எடுப்பதுபோல் போனைப் பிடித்துக்கொண்டு எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு அவர்களைப்பற்றிக் கவலை இல்லை. யார் என்ற கேள்விக்குப் பதில் வந்துவிட்டது. அது போன இடத்தில் இன்னொன்று நின்றது. குரல் இல்லாத பேச்சுக்குச் சாட்சி கிடையாது. அத்தனை வருடம் ஒரே ஆலைக் கூரையின்கீழ், ஆயிரம் பேர் நடுவே, இவர்கள் எதைப் பேசியிருந்தாலும் யாருக்குத் தெரியும்? வீட்டில் அம்மா தவிலைத்தானே கேட்டுக்கொண்டிருந்தாள்?

"எப்போலருந்து?" என்று கேட்டேன். "அம்மா இருந்தப்பவேவா?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அது எனக்குப் பிடிக்கவில்லை. அந்த அம்மாள்தான் என்னை நேராகப் பார்த்தார்.

"நான் நூல் சுத்தற பக்கம். இவரு தறிப் பக்கம். நடுவுல கண்ணாடித் தடுப்பு. நூல் வந்துச்சா, தீந்துச்சா, அதத் தவிர ஒண்ணும் பேசினதில்ல. மில்லு மூடினப்புறம் இவரு எங்க, நான் எங்க? போன வருஷம் கண் ஆஸ்பத்திரில பக்கத்துல பக்கத்துல ஒக்காந்துருக்கோம். ரெண்டு பேருக்கும் கண்ணுல மருந்து ஊத்தி வெச்சிருக்காங்க. எல்லாம் மங்கலா இருக்கு. ஒரு ஆளு காது கேக்காத மாதிரி கத்தறாரு, 'எந்த ஊர்மா நீ'ன்னு. மில்லுன்னேன். அவரும் மில்லுன்னாரு. எந்தத் தறின்னு சொன்னப்புறம்தான் ஆளே தெரிஞ்சுது. அவ்ளோ வருஷம் பாத்த ஆளு, கொரலு எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாதும்மா. மொதல் முறையா அன்னைக்குத்தான் கேட்டேன்."

"கேட்டுட்டு, 'மில்லுல இருந்தா மாதிரி ஊமையாவே இருந்துருக்கலாம் நீ'ன்னு சொன்னா," என்றார் அப்பா, தலை நிமிராமல்.

யாரோ சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அந்தக் கதையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். துணிக்கடையில் புடவையை வெளிச்சத்தில் பிடித்து இழை பார்ப்பேனே, அப்படி. பொய் சொல்ல வந்தவர்கள் கண் மருந்துவரை சிரமப்படுவார்களா? குரலே தெரியாது என்று யாருக்காவது சொல்லத் தோன்றுமா? இழை எங்கும் விட்டிருக்கவில்லை. இருந்தும் நம்பிவிட்டேன் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. அம்மா பக்கம் பேச அந்தப் படகில் என்னைத் தவிர ஆள் இல்லை. முழுக்க நம்பிவிட்டால் அவள் தனியாகிவிடுவாள் என்று தோன்றியது. கொஞ்சம் சந்தேகத்தை அவளுக்காகக் கையிலேயே வைத்துக்கொண்டேன்.

சூரியன் போயிருந்தது. எங்கள் மொட்டைமாடிகளுக்குப் பின்னால் சிவப்பு மட்டும் கொஞ்ச நேரம் நின்றது, பிறகு அதுவும் உள்ளே போயிற்று. கடற்கரைச் சாலையில் விளக்குகள் வரிசையாகக் கண் திறந்தன. படகு திரும்பியது. மகன் ஹெல்மெட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை, என் உதடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாய் திறக்கிற கணத்துக்காகக் காத்திருந்தார். போக விடுவேனா மாட்டேனா என்பது அங்கேதான் தெரியும் என்பதுபோல.

"சாரத்துல எந்த எடம்?" என்றேன்.

அப்பாவின் தோள் இறங்கியது. "மார்க்கெட்டுக்குப் பின்னால."

"மாடியா, கீழயா?"

"கீழதான்."

"கீழ வூடு எப்படி இவ்ளோ சீக்கிரம் கெடச்சுது? முன்னாடி இருந்தவங்க ஏன் காலி பண்ணாங்க?"

"அது... கேக்கல."

"கேக்கல. மழைக்குத் தண்ணி உள்ள வருமா?"

அப்பா அந்த அம்மாளைப் பார்த்தார். அவருக்கும் தெரியவில்லை.

"கக்கூஸ் வழுக்குமா? ராத்திரி நெஞ்சு வலிச்சா ஆட்டோ தெருவுக்குள்ள வருமா? ஓனர் எப்படிப்பட்ட ஆளு?"

"நல்லாத்தான் பேசினாரு," என்றார் அந்த அம்மாள்.

"நல்லாத்தான் பேசுவாங்க," என்றேன். அவரை என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. அம்மா என்று வராது. முறையே வைக்காமல் சொன்னேன்: "நாளைக்குக் காலைல நான் வந்து பாக்கறேன். பாக்காம ஒரு சாமானும் எங்க வூட்டுலருந்து வெளிய போவாது."

"வந்து பாரும்மா," என்றார் அவர். "சொவத்தத் தட்டிக்கூடப் பாரு."

"தட்டத்தான் போறேன்," என்றேன்.