உருண்டையைச் சுற்றிய நிழல்

போன மாதம் ஒரு சனிக்கிழமை மாலை. எதிர்வீட்டுப் புஷ்பா கையில் பிளாஸ்டிக் பையோடு வந்து நின்றார். பைக்குள் இரண்டாகப் பிளந்துபோன ஒரு மர உருண்டை. கூடவே ஒரு கனமான மரக்கட்டை.

“அண்ணே, இது அவரு காடியோட கியர் குமிழ். பிளந்துடுச்சு. இந்தக் கட்டையில அதே மாதிரி ஒன்னு கடைஞ்சு தர முடியுமா? சின்ன உருண்டைதானே.”

சின்ன உருண்டைதானே... நானும் அப்படித்தான் நினைத்தேன்.

என் மரக் கடைசல் மெஷினைப் பற்றி நான் எழுதிவரும் இந்தப் பத்திரிகைப் பத்தியில் ஏற்கெனவே போதுமான அளவு பீற்றிக்கொண்டிருக்கிறேன். சமையலறைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை, அதில் மெஷின், நாலைந்து உளிகள். இரண்டு வருடத்தில் கிண்ணம் கடைந்தாயிற்று, விளக்குத் தண்டு கடைந்தாயிற்று. ஜொகூர் பாருவில் என் கிண்ணம் இல்லாத சொந்தக்காரர் வீடு குறைவு. ஒரு உருண்டைக்கா பயப்படுவேன்?

‘அவரு’ என்று புஷ்பா சொன்னது கணவர் மாரியப்பனை. லோரி ஓட்டியவர். எட்டு மாதத்துக்கு முன்பு ஒரு காலையில், தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். மாரடைப்பு.

‘காடி’ என்றது அவருடைய பழைய மேனுவல் காரை. அது போர்ச்சில் சும்மா நின்றது. புஷ்பா லைசென்ஸ் எடுத்துப் பதினெட்டு வருடம்... ஓட்டியதே இல்லை. இப்போது ஓட்டித்தான் ஆகவேண்டும். செனாய் பக்கத்துத் தொழிற்சாலையில் வேலை. இந்த வழியாக வந்த கம்பெனி பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். கார் ஓட்டினால் வேலை, இல்லாவிட்டால் வீடு.

“கடையில பிளாஸ்டிக் குமிழ் வாங்கி மாட்டினேன். கை நிக்கமாட்டேங்குது. ஜங்ஷன்ல ரெண்டு தடவ செத்துப்போச்சு வண்டி. பின்னாடி எல்லாரும் ஹார்ன் அடிக்கிறாங்க.”

உடைந்த துண்டுகளைச் சேர்த்துப் பிடித்துப் பார்த்தேன். ஒரு பக்கத்தில் மட்டும் மரம் பள்ளமாகத் தேய்ந்திருந்தது. மாரியப்பனின் கட்டைவிரல் இருந்த இடம். எத்தனை வருடத் தேய்மானமோ.

மரக்கட்டை, அவர்கள் வீட்டுப் பின்புறம் நின்ற ரம்புத்தான் மரத்துடையது. மாரியப்பன் கடைசியாக வெட்டிப் போட்டது.

முதலில் என்னிடம் இருந்த ரப்பர் மரத்தில் பழகிப் பார்த்தேன். முதல் உருண்டை முட்டையாக வந்தது. இரண்டாவது வெங்காயம். மூன்றாவதை என்னவென்று சொல்வது? என் மனைவி சித்ரா பார்த்துவிட்டு, “கொழுக்கட்டையா?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

கிண்ணத்தில் கொஞ்சம் கோணல் இருந்தால் யாருக்கும் தெரியாது, அதுதான் அழகு என்றுகூடச் சமாளிக்கலாம். உருண்டையில் சமாளிக்க முடியாது. ஒரு மயிரிழை பிசகினாலும் கை கண்டுபிடித்துவிடும்.

அதற்கு ஒரு வழி இருக்கிறது. பாதி உருண்டதும் கழற்றி, பக்கவாட்டில் திருப்பி மாட்டி ஓடவிட வேண்டும். எங்கே கூடுதல் மரம் இருக்கிறதோ, அது சுழலும்போது உருண்டையைச் சுற்றி மங்கலாக ஒரு நிழல் தெரியும். அந்த நிழல் மறையும்வரை செதுக்கிக்கொண்டே போக வேண்டும். நிழல் போனால் உருண்டை வந்துவிட்டது என்று அர்த்தம்.

ரப்பர் மரத்தில் ஐந்தாவது தடவை நிழல் போனது. சரி, கை பழகிவிட்டது என்று ரம்புத்தான் கட்டையை மாட்டினேன்.

நிழல் போகவில்லை.

நிறுத்தி அளந்தேன். எல்லாப் பக்கமும் ஒரே அளவு. ஓடவிட்டேன். ஒரு ஓரத்தில் மட்டும், மெல்லிசாக, நிழல். திருப்பி மாட்டினேன். அங்கேயும் நிழல். மதியம் மூன்று மணி, கொளுத்துகிற வெயில், பக்கத்து வீட்டில் டிவி ஓடுகிறது. ஆனாலும் எனக்கு முதுகில் என்னவோ ஊர்ந்தது. மெஷினை அணைத்துவிட்டு, போதும் என்று உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக் கொடுத்துவிட்டேன். கையில் பிடித்தால் குற்றமே சொல்ல முடியாத உருண்டை.

மூன்றாம் நாள் காலை, வேலைக்குக் கிளம்பும் முன் புஷ்பா எங்கள் கேட்டில் நின்றார். பொழுது இன்னும் விடியவில்லை.

“அண்ணே, ஒன்னு கேட்டா சிரிக்கக்கூடாது. கியர்ல கைய வெச்சா சூடா இருக்கு. யாரோ இப்பத்தான் கைய எடுத்த மாதிரி.”

“வெயில் பட்டிருக்கும்மா.”

“மணி ஆறு, அண்ணே. ராத்திரியெல்லாம் மழை.”

காரில் போய் உட்கார்ந்து பார்த்தேன். ஸ்டியரிங் ஜில்லென்று இருந்தது. கியர் கம்பி ஜில்லென்று இருந்தது. குமிழ்... உள்ளங்கைச் சூட்டில் இருந்தது. கட்டைவிரலை நகர்த்தினேன். டிரைவர் பக்கம், உடைந்த குமிழில் இருந்த அதே இடத்தில், மழமழவென்று ஒரு பள்ளம். நான் கடையாத பள்ளம்.

ஈரம் காயாத மரம், காயும்போது ஒரு பக்கம் சுருங்கும் என்று விளக்கினேன். உண்மையும் அதுதான். ஆனால் அந்த மரத்துக்குச் சுருங்க எத்தனையோ பக்கம் இருந்ததே?

“எனக்குப் பயமா இருக்கு, அண்ணே. வேற ஒன்னு செஞ்சு குடுங்க. வேற மரத்துல.”

அன்றே அதைக் கழற்றி, பழகும்போது செய்த ரப்பர் மர உருண்டையை மாட்டிவிட்டேன். கழற்றியதை ஒரு பழைய துண்டில் சுற்றி, பின்னறை அலமாரியில் வைத்துக் கதவைச் சாத்தினேன். அடுத்த மூன்று நாளும் எனக்கு அந்த அறையில் வேலை எதுவும் இருக்கவில்லை. சித்ரா கேட்டதற்கு முதுகுவலி என்றேன்.

நான்காம் நாள் மாலை புஷ்பா வந்தார். வேலையிலிருந்து நேரே ஓட்டிக்கொண்டுதான் வந்திருந்தார். வண்டியை ஒழுங்காக நிறுத்தியும் இருந்தார்.

“புதுசு எப்படிம்மா இருக்கு?”

“நல்லாத்தான் இருக்கு, அண்ணே. கை நிக்குது. வண்டி சாகல.” கொஞ்சம் தயங்கினார். “ஆனா வெறும் மரமா இருக்கு.”

நான் கேட்டைத் திறந்துவிட்டேன்.

“முன்னாடி செஞ்ச ரம்புத்தான் குமிழையே குடுத்துடுங்க.”

“பயமா இருக்குன்னீங்களே?”

“இருந்துச்சுதான். இப்பவும் கொஞ்சம் இருக்கு.” அவர் என்னைப் பார்க்காமல் காரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “எட்டு மாசமா அந்த வீட்டுல எதத் தொட்டாலும் ஜில்லுன்னு இருக்கு, அண்ணே.”

பின்னறைக்குப் போய் அலமாரியைத் திறந்தேன். எடுத்து வந்து கொடுத்தேன். புஷ்பா அங்கேயே பிரித்து, உருண்டையைக் கையில் வைத்து, விரல்களை மூடிக்கொண்டார். பிறகு, “வரேன், அண்ணே” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். இப்போது தினமும் செனாய்க்கு அந்தக் காரில்தான் போகிறார். மூன்றாவது கியருக்கு மாற்றும்போது தடுமாறுவதே இல்லையாம்.

இருட்டு அலமாரியில் மூன்று நாள் கிடந்ததே, அப்போதும் சூடாகத்தான் இருந்ததா என்று கேட்கிறீர்களா? எனக்கு எப்படித் தெரியும்... நான் துண்டோடு சேர்த்துத்தான் எடுத்தேன்.