இருபத்தெட்டுப் பேருக்கு ஒரே வாய்

முதல் வரிசையில் இருந்த பையனிடம், உன் அப்பா என்ன வேலை செய்கிறார் என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அதுதான் அந்தக் கல்லூரியில் நான் கேட்ட முதல் கேள்வி. அவன் எழுந்து நின்றான். வாயைத் திறக்கவில்லை. திரும்பி, மூன்றாவது வரிசையில் ஜன்னலோரம் இருந்த ஒரு பெண்ணைப் பார்த்தான். அந்தப் பெண் எழுந்து, அவனுடைய அப்பா மேரு என்கிற ஊரில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார் என்று தெளிவான ஆங்கிலத்தில் சொன்னாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்தார்கள்.

பாவம், பையனுக்குப் பேச்சு வராது போல என்று நினைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தவளைக் கேட்டேன். அவளும் எழுந்தாள், திரும்பினாள், ஜன்னலோரத்துப் பெண்ணைப் பார்த்தாள். பதில் அங்கிருந்துதான் வந்தது. அந்த ஒரு மணி நேரத்தில் பதினொரு பேரைக் கேட்டேன். கேட்டதெல்லாம் ஒரே குரல். புதிதாக வந்தவள், சேலை கட்டிக்கொண்டு இந்திய உச்சரிப்பில் பேசுகிறவள், அதனால் கூடிப் பேசி என்னைக் கேலி செய்கிறார்கள் என்றே முடிவு கட்டினேன். உடம்பெல்லாம் எரிந்தது.

பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் கல்லூரியில் ஐந்து வருடம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவள் நான். அங்கே மாணவிகளின் வாயை மூட வைப்பதுதான் பெரும்பாடு. கல்யாணமாகி எண்பதுகளின் நடுவில் மலாய் நாட்டுக்கு, பிரிக்பீல்ட்ஸுக்கு வந்தேன். கணவருக்கு ரயில்வேயில் வேலை. குவார்ட்டர்ஸில் சும்மா இருக்கப் பிடிக்காமல், கிள்ளானில் ஒரு தனியார் கல்லூரிக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போனேன். கல்லூரி என்பது அவர்கள் வைத்த பெயர். கடை வரிசையின் மாடியில் நான்கு அறைகள், அவ்வளவுதான். கீழே மிளகாய் அரைக்கும் மில். பள்ளியின் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவத்தில் நல்ல தேர்ச்சி இல்லாதவர்கள் அங்கே வந்து இரண்டு வருடம் டைப்பிங், கணக்குப் பதிவு, அலுவலக ஆங்கிலம் படித்து ஒரு சான்றிதழ் வாங்கிப் போவார்கள். என் வகுப்பில் இருபத்தெட்டுப் பேர். பெரும்பாலும் தமிழ்ப் பிள்ளைகள், நாலைந்து சீனர்கள், மூன்று மலாய்ப் பெண்கள். எல்லாருக்கும் பதினெட்டு, பத்தொன்பது வயது.

இரண்டாம் வாரம் பாடத்தைச் சேர்ந்து வாசிக்கச் சொன்னேன். இருபத்தெட்டுப் பேரின் உதடுகளும் அசைந்தன. நான் வரிசைகளுக்கு நடுவே நடந்தேன். ஒரு பையனின் வாயருகே காதைக் கொண்டுபோனேன். மூச்சுக் காற்று மட்டும் வந்தது. அடுத்தவனிடமும் அப்படியே. அறை முழுக்க அந்தப் பெண்ணின் குரல் ஒன்றுதான். மில்லில் மிளகாய் போடும்போது வரும் தும்மல்தான் மற்றவர்களிடமிருந்து எனக்குக் கிடைத்த ஒரே சத்தம்.

எழுத்தில் அவர்கள் மோசமில்லை. அதுதான் என்னை இன்னும் குழப்பியது. லோரி டயருக்கு எப்படி ஒட்டுப் போடுவது என்று ஒரு பையன் இரண்டு பக்கம் எழுதியிருந்தான். இலக்கணப் பிழை உண்டு, ஆனால் அதைப் படித்துவிட்டு நானே ஒட்டுப் போடலாம் போல அவ்வளவு விவரம். அவன் தன் சித்தப்பாவின் பட்டறையில் காலையில் வேலை பார்த்துவிட்டு வருகிறவன். நகத்தில் கறுப்பு போகாது. அதை வாசித்துக்காட்டு என்றேன். அவன் சிரித்தபடி தாளை ஜன்னலோரப் பெண்ணிடம் நீட்டினான்.

அன்றைக்குத்தான் எனக்குப் பொறுமை போனது. எல்லாவற்றுக்கும் அவள்தான் காரணம், வகுப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்டுவிக்கிறாள் என்று தோன்றியது. வெளியே போய் நில் என்றேன். மறுபேச்சு இல்லாமல் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய் மாடிப்படிக்குப் பக்கத்தில் நின்றாள். உள்ளே மிச்சம் இருபத்தேழு பேர். நான் கேட்டேன், கேட்டேன், கேட்டுக்கொண்டே இருந்தேன். ஒருவரும் பேசவில்லை. மறுநாளும் அவளை வெளியே நிறுத்தினேன். மூன்றாம் நாளும் நிறுத்தினேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் அவள் எனக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். ஏதாவது சொல்லட்டும், நன்றாகத் திருப்பிக் கொடுக்கலாம் என்று காத்திருந்தேன். அவள் மெதுவாக, "டீச்சர், நானா ஒண்ணும் செய்யலை. பிரின்சிபால்தான் என்னைப் பேசச் சொன்னாரு" என்றாள்.

அவள் சொன்னதை அங்கேயே நின்று கேட்டேன். அந்தப் பேச்சில் இரண்டு பஸ்கள் போய்விட்டன. போன வருடக் கடைசியில் தேர்வு நடத்தும் அமைப்பிலிருந்து ஒரு வெள்ளைக்காரர் கல்லூரியைப் பார்க்க வந்திருக்கிறார். டயர் பட்டறைப் பையனிடம் ஏதோ கேட்டிருக்கிறார். இவன் தப்பும் தவறுமாகப் பதில் சொல்ல, வந்தவர் சிரித்துவிட்டாராம். அவர் போனதும் பிரின்சிபால் வகுப்பை நிற்கவைத்து, உங்கள் இங்கிலீஷால் என் கல்லூரிக்கு அவமானம், இனிமேல் யார் வந்து கேட்டாலும் இந்தப் பெண் மட்டும்தான் பேச வேண்டும், மற்றவர்கள் வாயசைத்தால் போதும் என்று உத்தரவு போட்டிருக்கிறார். விருந்தாளிகளுக்காகப் போட்ட உத்தரவு. எனக்கு முன்னால் இருந்த ஆசிரியருக்கு அது வசதியாக இருந்தது. வகுப்பு சத்தமில்லாமல் நடக்கும், திருத்த வேண்டியது ஒரு வாய்தான். அவர் அதையே தினசரி வழக்கமாக்கிவிட்டார். பிள்ளைகளுக்கும் பழகிவிட்டது.

"காய்ச்சல்னாலும் நான் வரணும் டீச்சர். நான் வரலைன்னா கிளாஸ் நடக்காது" என்றாள்.

மூன்று நாள் உன்னை வெளியே நிறுத்திவிட்டேனே அம்மா, முதல் நாளே சொல்லக்கூடாதா என்று கேட்டேன்.

"பரவாயில்லை டீச்சர். அந்த மூணு நாளும் யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கலை. நிம்மதியா இருந்துச்சு."

மறுநாள் காலை நேராகப் பிரின்சிபால் அறைக்குப் போனேன். அவர் அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். கோபப்படாத மனிதர். எனக்குக் குடிக்க மைலோ கொண்டுவரச் சொன்னார். நான் சொன்னதையெல்லாம் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, நீங்கள் இந்த ஊருக்குப் புதிது, இந்தப் பிள்ளைகளின் பின்னணி உங்களுக்குத் தெரியாது, எஸ்டேட்டிலிருந்தும் கம்பத்துக் கிராமங்களிலிருந்தும் வருகிறவர்களிடம் ஓரளவுக்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது என்று எனக்குப் பாடம் நடத்தினார்.

வருடக் கடைசியில் வாய்மொழித் தேர்வு வருகிறதே, ஒவ்வொருவராக உள்ளே போய்ப் பேச வேண்டுமே, அப்போது என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"அதுக்கு அவளை மட்டும்தான் அனுப்புறேன், டீச்சர். மத்தவங்க பேரைக் குடுக்கலை. குடுத்து ஃபெயில் ஆனா நம்ம ரிசல்ட்டு என்னத்துக்கு ஆகும்லா?"

மைலோவை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். வாய்மொழித் தேர்வுக்குப் போகாதவர்களின் சான்றிதழில், எழுத்துத் தேர்வு மட்டும் என்று ஒரு வரி அச்சடித்து வரும். அந்த வரியைப் பார்த்தால் எந்த அலுவலகம் முன் மேசையில் உட்கார வைக்கும்? இருபத்தேழு பேருக்கும் இது தெரியாது. பெற்றவர்களுக்கும் தெரியாது. அரை மணி நேர விளம்பரப் பேச்சில் ஆங்கிலம் படித்தால் வேலை வீட்டுக் கதவைத் தட்டும் என்று சொல்லிச் சேர்த்துக்கொண்ட மனிதர், பிள்ளைகளுக்குச் சொல்லாமலே அவர்கள் பெயரை அடித்துவிட்டு எனக்கு மைலோ வாங்கித் தருகிறார்.

வகுப்புக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் ஆங்கிலத்தில் சொன்னேன். பிறகு கரும்பலகையில் எழுதினேன். பிறகு தமிழிலும் சொன்னேன். பிள்ளைகள் கொதித்து எழுவார்கள் என்று நினைத்தேன். யாரும் அசையவில்லை. கடைசியில் டயர் பட்டறைப் பையன் எழுந்து நின்றான். நான் அவன் குரலை அன்றுதான் கேட்டேன்.

"நாங்க கேட்டோமா டீச்சர்? மறுபடியும் அந்த வெள்ளைக்காரன் முன்னாடி போய் நின்னு சிரிப்பு வாங்கணுமா? மாலுவா இருக்கு. எங்களை விட்டுடுங்க."

மாலு என்றால் மலாயில் வெட்கம். அந்தச் சொல்லை இங்கே எல்லாரும் சொல்வார்கள். அவன் சொன்னபோது எனக்கு அவன் மேலேயே ஆத்திரம் வந்தது. உனக்காகத்தானே நான் சண்டை போட்டேன் என்று கத்த வாய் வரை வந்தது. விருப்பம் இல்லாதவர்கள் போக வேண்டாம், ஆனால் வேண்டாம் என்று சொல்ல வேண்டியது நீங்கள், அவர் அல்ல, வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

அடுத்த வாரம் மேருப் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து ஒரு தாய் வந்தார். முதல் நாள் என் கேள்விக்கு எழுந்து நின்ற பையனின் அம்மா. பால் மரம் வெட்டி ரப்பர்ப் பால் இறக்கிவிட்டு, உடை மாற்றிக்கொண்டு பஸ் ஏறி வந்திருந்தார். பிரின்சிபால் வெளியே போயிருக்கிறார் என்றார்கள். வரட்டும் என்று அலுவலகப் பெஞ்சில் உட்கார்ந்தார். மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தார். பிரின்சிபால் உள்ளேதான் இருந்தார். பசி வந்ததும் வெளியே வர வேண்டியதாயிற்று. அந்த அம்மா எழுந்து, "எம் மவன் பேரைச் சேருங்க, சார். பாஸ் ஆனாலும் ஃபெயில் ஆனாலும் அவன் பாடு" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை, நகரவும் இல்லை. படிவம் வந்தது. அது தெரிந்து இன்னும் எட்டுப் பேரின் வீட்டிலிருந்து வந்தார்கள். ஜன்னலோரப் பெண்ணோடு சேர்த்துப் பத்துப் பேர்.

அந்தப் பத்துப் பேரையும் வகுப்பு முடிந்தபின் இரண்டு மாதம் பேச வைத்தேன். முதல் வாரம் கொடுமை. பெயரைக் கேட்டாலே தலை தானாகத் திரும்பும். நான் அந்தப் பெண்ணைப் பதில் சொல்லக் கூடாது என்று தடுத்திருந்தேன். அவளால் முடியவில்லை. ஒரு சீனப் பையனைக் கேள்வி கேட்டால் இவள் உதடு சத்தமில்லாமல் அசையும். கடைசியில் கையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தாள். தப்பாகப் பேசுங்கள், நான் சிரிக்க மாட்டேன் என்றேன். ஒருமுறை சிரித்துவிட்டேன். அதற்கு ஒரு மலாய்ப் பெண் இரண்டு நாள் வரவில்லை. அவள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டு அழைத்து வந்தேன்.

தேர்வில் பத்துப் பேரில் ஆறு பேர் தேறினார்கள். எஸ்டேட் அம்மாவின் மகன் தேறவில்லை. அவன் பேசினான், ஆனால் தேர்வு நடத்தியவருக்குக் கேட்கிற அளவுக்குப் பேசவில்லை. அடுத்த முறையும் போகிறேன் என்று என்னிடம் ஆங்கிலத்திலேயே சொன்னான்.

பிரின்சிபால் என்னைக் கூப்பிட்டு, நான் நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறேன் என்றும், அடுத்த வருடத்துக்கு நான் தேவையில்லை என்றும் ஒரே மூச்சில் சொன்னார். அவர் மேசையில் புது வருட விளம்பரத் தாள் இருந்தது. வாய்மொழி ஆங்கிலத்தில் சிறப்புப் பயிற்சி என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார். அதைப் பார்த்து நான் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது. பிரிக்பீல்ட்ஸ் வந்து சேரும் வரை பஸ்ஸில் எனக்குள் அதையே சொல்லித் திட்டிக்கொண்டு வந்தேன். சண்டை போட்டாயா, சரி, சாப்பிடு என்றார் கணவர்.

சான்றிதழ் கொடுத்த அன்று, வேலை போனவள்தானே என்று வீட்டில் இருக்காமல் நானும் போனேன். பதினெட்டுப் பேருக்கு, எழுத்துத் தேர்வு மட்டும் என்ற அந்த ஒரு வரி இருந்தது. டயர் பட்டறைப் பையன் தன்னுடையதை வாங்கி, படித்தான். விரலால் அந்த வரியைத் தொட்டான், நகத்துக் கறுப்பு அதில் படாமல். பிறகு நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனான். அவனை எப்படியாவது பேச வைத்திருக்க வேண்டும். விருப்பம் இல்லாதவர்கள் போக வேண்டாம் என்று அன்றைக்கு என்ன அவசரத்தில் சொன்னேனோ. பிரின்சிபால் மேல் இருக்கும் கோபத்தில் பாதி இன்னும் என் மேலேயே இருக்கிறது.