ரிப்பேர் மேசை சாமுண்டீஸ்வரி

அம்பத்தூர் எஸ்டேட்டில் நாங்கள் வேலை பார்த்த ரேடியோ கம்பெனியில், கெட்டுப்போய்த் திரும்பி வரும் டிரான்சிஸ்டர்களெல்லாம் சாமுண்டீஸ்வரி அக்காவின் மேசைக்குத்தான் வரும். மேனாம்பேட்டிலிருந்து நடந்தே வருவாள். புருஷன் போன பிறகு அந்த வேலைதான் அவளுக்குச் சோறு, அதுதான் கௌரவம். பக்கத்து மேசை என்னுடையது.

ஈயம் பற்றவைப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. கம்பியை பிளேடால் சுரண்டிச் சுத்தம் செய்வாள். முதலில் கம்பி சூடேற வேண்டும், ஈயம் அதில் தானாக உருகி ஓட வேண்டும் என்பாள். அது இறுகும்வரை மூச்சுகூட விடமாட்டாள்; ஆடினால் போச்சு. நன்றாகப் பிடித்த ஈயம் பளபளவென்றிருக்கும். பிடிக்காதது மங்கிப்போய்த் தெரியும். அன்றைக்கு ரேடியோ பாடும், பத்து நாளில் ஊமையாகிவிடும். ட்ரை சால்டர் என்போம்.

எழுபத்திரண்டாம் வருஷம் அவள் கண்ணில் புரை விழுந்தது. சூப்பர்வைசர் திருவேங்கடத்துக்குத் தெரிந்தால் சீட்டுக் கிழிந்துவிடும். அதனால் ஒவ்வொன்றையும் முடித்து என் பக்கம் நகர்த்துவாள்.

“பளபளன்னு கீதான்னு பாரு புஷ்பா.”

இரண்டு வருஷம் பார்த்துச் சொன்னேன். என் சொல்லை நம்பித்தான் மூடி போட்டு அனுப்புவாள்.

ஒரு நாள் காலையிலிருந்தே கரண்ட்டில் வலுவில்லை. ஈயம் உருக்கும் அயர்னில் சூடே ஏறவில்லை. என் மேசையில் வேலை குவிந்து கிடந்தது. அவளோ கேட்டுக்கொண்டே இருந்தாள். எனக்கு எரிச்சல் மண்டிக்கொண்டு வந்தது. பாவி நான், அன்றைக்கு ஒன்றைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. “நல்லா கீதுக்கா, நல்லா கீது” என்று வாயாலேயே தள்ளிவிட்டேன்.

பதினைந்தாம் நாள் ஒன்பது ரேடியோக்கள் ஊமையாகத் திரும்பி வந்தன. திருவேங்கடம் அவள் மேசையிலேயே திறந்து காட்டினார். ஒன்றில்கூட ஈயம் பிடிக்கவில்லை.

“இதுகூட கண்ணுக்குத் தெர்லியா உனக்கு?” என்றார்.

புஷ்பாவைக் கேட்டுத்தான் மூடினேன் என்று அவள் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அன்றே வேலை போனது.

கேட் வரை கூடப் போனேன். உண்மையைச் சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அதற்குள் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அன்னிக்கு உன்னாண்ட காட்டாமலே மூடிட்டேன் போலகீது புஷ்பா. கண்ணுதான் போச்சுன்னு நெனச்சேன், புத்தியும் போயிட்ச்சு. காட்டிருந்தா நீ பாத்திருக்க மாட்டியா?”

அழுதுகொண்டே, ஆமாம், பார்த்திருப்பேன் என்று தலையாட்டினேன்.