நான்காம் பாகத்தில் திறந்த கதவு

ஒரு நாவல் எனக்குத் துரோகம் செய்துவிட்டது என்று சொன்னால் வீட்டில் சிரிக்கிறார்கள். வருவாய்த் துறையில் கிளார்க்காகச் சேர்ந்து துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன் நான். அண்ணன் தம்பிக்குச் செய்த துரோகம், மகன் தகப்பனுக்குச் செய்த துரோகம் எல்லாவற்றையும் மனுவாக வாங்கி, முத்திரை குத்தி, எண் போட்டுக் கட்டிவைத்தவன். அப்படிப்பட்டவன் ஒரு கற்பனைக் கோட்டையில் ஒரு கற்பனைக் கிழவி கதவைத் திறந்துவிட்டதற்காகச் சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டு எழுந்தால் சிரிக்கத்தானே செய்வார்கள். சிரிக்கட்டும். நாவல் செய்தது பாதிதான். மீதியைச் செய்தவர் என் நண்பர்.

நண்பருக்குக் கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ். எங்கள் ஊரில் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். நிர்வாகம் இப்போது மகன் கையில். முன்னறை மட்டும் தகப்பன் கையில். என்னைவிட வயதில் இளையவர், ஆனாலும் நான் அவரை அண்ணாச்சி என்பேன். முதலாளிகளை ஊரே அப்படித்தான் கூப்பிடும். அவர் என்னை சார் என்பார்.

ஓய்வு பெற்றவனுக்கு ஓய்வூதியம் மாதம் தவறாமல் வந்துவிடும். பேச ஆள் வராது. என் கையெழுத்துக்காக என் நகைச்சுவைக்குச் சிரித்தவர்கள் கையெழுத்தோடு போய்விட்டார்கள். மனைவிக்கு என் கருத்துகள் எல்லாம் முன்கூட்டியே தெரியும். படித்ததைப் பற்றிப் பேச எனக்கு மிஞ்சியவர் அண்ணாச்சி ஒருவர்தான். ஞாயிற்றுக்கிழமை காலை அவர் முன்னறைக்குப் போகவில்லை என்றால் அந்த வாரமே எனக்கு நடந்ததாகக் கணக்கில்லை.

நாங்கள் பேசியது பெரும்பாலும் ஒரே நாவலைப் பற்றி. நான்கு பாகம், ஒவ்வொன்றையும் தலைக்கு வைத்துப் படுக்கலாம். மழையைக் களவாடி மலைக்குகைகளில் அடைத்துவைக்கும் மாயக்காரர்கள், அவர்களோடு மல்லுக்கு நிற்கும் ஒரு வறண்ட தேசம். மாயமந்திரம் எனக்கு ஆகாது. அண்ணாச்சி கொடுத்தாரே என்பதற்காகத்தான் முதல் பாகத்தை எடுத்தேன். எடுத்த கொஞ்ச நேரத்தில் வாசல்காரி வந்துவிட்டாள்.

அந்தத் தேசத்துக் கோட்டை வாசலுக்கு அவள்தான் தலைவி. வயதானவள், ஒரு கண் தெரியாது. சூரியன் விழுந்தபின் யாருக்காகவும் கதவு திறக்கக் கூடாது என்பது கோட்டையின் விதி. முதல் பாகத்தில் அரசனே இருட்டியபின் அடிபட்ட உடம்போடு வந்து கதவைத் தட்டுகிறான். அவள் திறக்கவில்லை. ‘அரசனா இல்லையா என்பது விடிந்தால் தெரிந்துவிடும்’ என்கிறாள். இரவெல்லாம் அரசன் வெளியே கிடக்கிறான். அந்த அத்தியாயத்தை நான் எழுந்து நின்று படித்தேன். என் மேசை முன்னால் எத்தனை சிபாரிசுக்காரர்கள், எத்தனை ‘நம்ம பையன்தான் சார், ஒரு கையெழுத்துத்தான’! கதைகளில் விதி என்பது உடைபடுவதற்காகவே வரும். உடைப்பவன் நாயகன், காப்பவன் கோமாளி. விதியைக் காப்பவளை ஒரு எழுத்தாளர் இவ்வளவு மரியாதையாக எழுதி நான் பார்த்ததில்லை.

“சார் சரியாச் சொல்லிட்டீங்க” என்றார் அண்ணாச்சி, அடுத்த ஞாயிறு. “அவ இல்லன்னா கோட்டை ஏது?”

இரண்டாம் பாகம் வந்தபோது எங்களோடு இன்னும் இருவர் சேர்ந்துகொண்டார்கள். ஒருவர் தனியார் பள்ளிக் கணக்கு டீச்சர். இன்னொருவர் பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் கடை வைத்திருப்பவர். நால்வர் ஆனதும் ஒரு முறை வேண்டுமே, நான் ஏற்படுத்தினேன். எல்லோரும் படித்து முடித்த அத்தியாயத்தைத் தாண்டி யாரும் பேசக் கூடாது. ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடக் கூடாது. பெரும்பாலும் பேசியது நான் என்பதால் இரண்டாவது விதி நன்றாகவே நடந்தது. அண்ணாச்சி இஞ்சி டீ வரவழைப்பார். கடலை மிட்டாயை என் பக்கமாக நகர்த்திவைப்பார். தலையாட்டுவார். ஒரு நாளும் என்னை மறுத்ததில்லை. இரண்டு மனிதர்களுக்கு இப்படி ஒரே ரசனை அமைவது அபூர்வம் என்று வீட்டில் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

பிறகு நான்காம் பாகம் வந்தது. எதிரி நாட்டுச் சனங்கள், கிழடுகளும் பிள்ளைகளுமாக, நாக்கு வறண்டு, இருட்டியபின் கோட்டை வாசலில் வந்து நிற்கிறார்கள். வாசல்காரி ஒரு பிள்ளையின் முகத்தைப் பார்க்கிறாள். கதவைத் திறந்துவிடுகிறாள். அந்தக் கூட்டத்தின் பின்னால் படை நிற்கிறது. விடிவதற்குள் கோட்டை போய்விட்டது.

விசாரணை இல்லை. மாற்று ஏற்பாடு இல்லை. கயிற்றில் கட்டித் தண்ணீர்க் குடத்தை இறக்கியிருக்கலாம். மதில் ஓரமாகப் பந்தல் போட்டுத் தங்கவைத்துக் காலையில் ஆள் அடையாளம் பார்த்திருக்கலாம். வறட்சி நிவாரணத்தில் நான் இதெல்லாம் செய்தவன். என்னிடம் கேட்டிருந்தால் அரைப் பக்கத்தில் எழுதிக் கொடுத்திருப்பேன். மூன்று பாகம் கட்டிக் காத்தவளை இப்படித்தானா கவிழ்ப்பது?

நான் மட்டுமா கொதித்தேன்? செல்போன் கடைக்காரர் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வெறும் கறுப்பை வைத்தார். டீச்சர், “சார், இது சாவைவிட மோசம்” என்று குரல் பதிவு அனுப்பினார். கழுகுமலையிலிருந்து ஒரு வாசகர் போனில் அழைத்தார். மகளுக்கு வாசல்காரியின் பெயரையே வைத்திருந்தவர்.

“சார், பேர் மாத்தணும்னா என்ன செய்யணும்?”

“யார் பேரு?”

“பாப்பா பேருதான். இப்பம் எந்த வாய வச்சு சார் அவளைக் கூப்பிடுவேன்?”

அரசிதழில் பெயர் மாற்றம் அறிவிக்கும் நடைமுறையைப் படிப்படியாகச் சொன்னேன். பின்னாலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது: “பாப்பா பேரை மாத்துனீங்கன்னா அப்பா பேரையும் சேத்து மாத்திருவேன், பாத்துக்கிடுங்க.” அந்த நடவடிக்கை அத்துடன் கைவிடப்பட்டது.

அந்தச் சமயத்தில்தான் நாவலாசிரியை ஒரு வேலையாகத் திருநெல்வேலி வருகிறார் என்று தெரிந்தது. டீச்சர் எழுதிக் கேட்க, வழியில் கோவில்பட்டியில் இறங்கி வாசகர்களைச் சந்திக்க ஒத்துக்கொண்டார். கூட்டத்துக்குத் தன் ஆபீஸில் பெட்டி அடுக்கும் கூடத்தையே ஒழித்துத் தருவதாக அண்ணாச்சி சொன்னார். நான் நிகழ்ச்சி நிரல் தயாரித்தேன். அதற்கு முந்தைய ஞாயிறு மற்ற மூவரிடமும் கேட்டேன்.

“தனி ஆளா கேட்டா அவங்க சிரிச்சுக்கிட்டே தாண்டிப் போயிருவாங்க. வாசல்காரிக்கு இப்படிச் செஞ்சது தப்புன்னு நம்ம நாலு பேரோட கருத்தாத்தான் வைக்கணும். நான் ஆரம்பிக்கேன், நீங்க மூணு பேரும் எந்திரிச்சுப் பேசணும். சரிதான அண்ணாச்சி? சம்மதம்னா கை தூக்குங்க.”

மூன்று கைகளும் எழுந்தன. அண்ணாச்சி டீ டம்ளரை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வலது கையைத் தூக்கினார். இடது கையால் ஒப்புக்கொண்டதாக இருக்கக் கூடாதல்லவா.

கூட்டம் நடந்தது புரட்டாசியில். காடெல்லாம் உழுது போட்டு மழைக்காகக் காத்துக் கிடந்தது. கூடத்தில் மின்விசிறிகள் வெந்த காற்றைத்தான் கிளறின. நாவலாசிரியைக்கு ஸ்டேஷனில் வரவேற்பு, மத்தியானச் சாப்பாடு எல்லாம் அண்ணாச்சி பொறுப்பு. சாயங்காலம் வரவேற்புரை, பொன்னாடை, சிற்றுரை எல்லாம் நிரலின்படி முடிந்து கேள்வி நேரம் வந்தது. எழுந்தேன். கோர்வையாகத்தான் பேசினேன். முதல் பாகத்தில் அரசனுக்கே திறக்காத கை, நான்காம் பாகத்தில் முகம் தெரியாதவர்களுக்கு எப்படித் திறந்தது? எந்த அதிகாரத்தில்? இது என் ஒருவனுடைய வருத்தம் இல்லை, எங்கள் வட்டத்தின் ஒருமித்த கருத்து என்று முடித்து உட்கார்ந்தேன்.

அந்த அம்மாள் கோபப்படவில்லை. “மத்தவங்களுக்கும் அப்படித்தானா?” என்று எங்கள் வரிசையைப் பார்த்தார்.

டீச்சர் கைப்பைக்குள் எதையோ தேடினார். வெகுநேரம் கிடைக்கவில்லை. செல்போன் கடைக்காரர் எழுந்து, “கொஞ்சம் சங்கடமாத்தான் இருந்திச்சு மேடம், ஆனா சூப்பர்” என்று சொல்லிவிட்டு, உடனே ஒரு செல்ஃபிக்கு அனுமதி கேட்டார். இவர்கள் போகட்டும். சாட்சிகள் பிறழ்வதை நான் எவ்வளவோ பார்த்திருக்கிறேன். அம்மாள் அண்ணாச்சியிடம் திரும்பினார். “நீங்க சொல்லுங்க. உங்களுக்கு எப்படி இருந்துச்சு?”

அண்ணாச்சி எழுந்தார். மேல்துண்டைச் சரிசெய்தார். என்னைப் பார்க்கவில்லை.

“நாலு பாகத்துலயும் அவ கதவைத் தெறந்த எடத்துலதாம்மா எனக்குக் கண்ணு கலங்குச்சு” என்றார். “இத்தன நாளும் எப்பத் தெறப்பா, எப்பத் தெறப்பான்னு இருந்தேன்.”

கூடமே கைதட்டியது. நாவலாசிரியை அவரைப் பார்த்துக் கைகூப்பினார். நன்றியுரை நான் சொல்வதாக நிரலில் இருந்தது. யார் சொன்னார்கள் என்று தெரியாது. நான் அப்போது டவுன் பஸ்ஸில் இருந்தேன்.

அதன்பின் சில ஞாயிறுகள் நான் போகவில்லை. அவர் போன் செய்தார்; எடுக்கவில்லை. ஐப்பசி மழை இறங்கி, எங்கள் தெரு களிமண்ணாகக் குழைந்து கிடந்த ஒரு காலையில் அவரே வந்துவிட்டார். ஒவ்வொரு செருப்பிலும் ஒரு படி கரிசல் மண் அப்பியிருந்தது. வாசலில் நின்று குச்சியால் சுரண்டிக்கொண்டே, “சாருக்குக் கோவம்” என்றார்.

“கை தூக்குனீங்களா இல்லையா?”

“தூக்குனேன்.”

“பெறகு?”

உள்ளே வந்து உட்கார்ந்தார். “சார், எங்க தொழில்ல வந்த ஆள் மூஞ்சிக்கு நேரா இல்லன்னு சொல்லிப் பழக்கம் கிடையாது. சரக்கு எப்பம்னு கேட்டா, இந்தா ஏறிட்டிருக்குன்னுதான் சொல்லுவோம். தீக்குச்சியே வந்திருக்காது. வீடு தேடி வந்த மனுசரோட என்னத்துக்கு வாதாடணும்? அவிய சந்தோசமாப் போகட்டும்னுதான் நெனப்போம்.”

“நான் என்ன, தீப்பெட்டி வாங்க வந்தேனா?”

அவர் மழைப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு சொன்னார்: “எனக்கு அவள மொதப் பாகத்துலயே புடிக்கல சார்.”

என் மனைவி காபியோடு வந்தவள், டம்ளர்களை வைத்த கையோடு திரும்பி உள்ளே போய்விட்டாள்.

“ஆபீஸ் ஆரம்பிக்கும்போது எனக்குச் சின்ன வயசு. லைசென்ஸுக்கு ஒவ்வொரு வாசலா நிப்பேன். ஒங்க ஆபீஸ் இல்ல, அது வேற. உள்ள இருக்கவிய நிமிந்தே பாக்க மாட்டாவ. மணி ஆயிட்டு, நாளைக்கு வான்னு கதவைச் சாத்துவாவ. வெளிய அரசன் ரத்தத்தோட கெடக்கான்னு படிச்சேன்லா, நான் அவன் பக்கத்துலதான் போயி உக்காந்தேன். நீங்க உள்ள இருந்து படிச்சீங்க. நான் வெளிய இருந்து படிச்சேன்.”

விதிக்கு ஆதரவாக என்னிடம் நல்ல வாதங்கள் இருக்கின்றன. இன்றும் இருக்கின்றன. அவள் திறந்ததால்தான் கோட்டை விழுந்தது. அதை அண்ணாச்சியே மறுக்க முடியாது. அவருக்கு மாற்றுக் கருத்து இருப்பதில் எனக்கு வருத்தமும் இல்லை. மாற்றுக் கருத்து உள்ளவர்களோடுதான் பணிக்காலம் முழுவதும் குப்பை கொட்டினேன். இத்தனை வருடமும் அதைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு எனக்கு டீ ஊற்றினாரே, அதைத்தான் தாங்க முடியவில்லை. இரண்டு பேர் பேசிக்கொண்டிருப்பதாக நான் நினைத்த அறையில் ஒருவன்தான் பேசிக்கொண்டிருந்திருக்கிறான்.

“என்கிட்ட சொல்லியிருக்கலாம்லா? அத்தன பேர் முன்னால அங்கன வச்சா சொல்லுவீங்க?”

“அந்தம்மா கேட்டாவ சார். எப்படி இருந்துச்சுன்னு கேட்டாவ. நீங்க, சரிதான அண்ணாச்சின்னுதான் கேப்பீங்க.”

அதற்கு நான் சொன்ன பதில் இங்கே எழுதும்படியானதல்ல. அவர் கேட்டுக்கொண்டார். இப்போதும் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பொறுமையை முன்போல் என்னால் ரசிக்க முடியவில்லை.

காபி ஆறியது. எனக்கு வேறொரு பயம் பிடித்துக்கொண்டது. ஒரு கையெழுத்து போலி என்று தெரிந்தால், அந்த ஆள் போட்ட எல்லாக் கையெழுத்தையும் எடுத்துப் பார்ப்பதுதான் முறை. கேட்டேன்.

“மூணாம் பாகத்துல தம்பி அண்ணனை மன்னிக்கான். அது நல்லாருக்குன்னு சொன்னீங்க.”

“நீங்க ரொம்ப ரசிச்சீங்கள்லா சார்.”

“பாலைவனத்துல அந்தக் கவிதைப் போட்டி?”

அண்ணாச்சி தரையைப் பார்த்தார். “அத நான் தாண்டிட்டேன்.”

“தாண்டிட்டீங்களா? ரெண்டு ஞாயித்துக்கெழம அதைப் பத்திப் பேசுனோமே!”

“நீங்க பேசுனீங்க சார்.”

“குருட்டுக் குதிரை தண்ணிய மோந்து கண்டுபிடிச்சிட்டு, குடிக்காம அங்கனயே விழுந்து சாகுமே?”

“அது நெசம்” என்றார் உடனே. “அது நெசம் சார். அன்னைக்கு உள்ள போயி மூஞ்சி கழுவிட்டு வந்தேன்லா.”

மேற்கொண்டு கேட்கவில்லை. நான்கு பாகங்களில் எங்கள் இருவருக்கும் பொதுவாக ஒரு குதிரை தேறியது. கேட்க வேண்டிய கேள்வி இன்னும் ஒன்று இருந்தது. நாவலை விடுங்கள், என் வரவாவது அவருக்குப் பிடித்திருந்ததா? அதைக் கேட்டால் அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். நம்பலாமா என்பதுதான் தெரியாது. அதனால் கேட்கவில்லை.

மழை விட்டதும் எழுந்தார். வாசலில் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டே, “ஞாயித்துக்கெழம வருவீங்கள்லா சார்?” என்றார். விசாரணைகளில் எத்தனையோ முகங்களைப் பார்த்து, இவன் சொல்வது மெய், இவன் சொல்வது பொய் என்று குறிப்பு எழுதியவன் நான். அவர் முகத்தை நன்றாக உற்றுப் பார்த்தேன். வழக்கமான அதே முகம். அதில் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.