பட்டன் அக்காவின் திரை

அலுவலகத்தில் அவளைப் பட்டன் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வாத்தியார்கள் ஆன்லைனில் வினாடி வினா தயாரிக்கிற திரையை அந்தக் கம்பெனியில் முதன்முதலாக வடிவமைத்தவள் அவள். யார் எதைக் கேட்டாலும் "அதுக்கென்ன, ஒரு பட்டன் வெச்சுட்டாப் போச்சு" என்பாள். வைத்து வைத்து, திரையில் ஈ உட்கார இடமில்லை.

அவள் கொடி பறந்ததெல்லாம் அந்தப் புதுசு வந்து சேரும்வரைதான். சின்னப் பெண், எதைக் காட்டினாலும் "இது தேவையா அக்கா?" என்பாள். அவள் போட்ட திரையில் கேள்விக்கு ஒரு கட்டம், விடைகளுக்கு நாலு, கீழே ஒரே ஒரு பட்டன். மேனேஜர் வாயைப் பிளந்து பார்த்தார். அக்காவுக்கு வயிறு பற்றி எரிந்தது. பொறாமைதான், வேறென்ன? சோறு இறங்கவில்லை. வீட்டில் தினமும் புருஷனிடம் புலம்பல்: "அதுக்கு ஒண்ணுமே தெரியாதுங்க. கண்டதையும் திரையில வாரி இறைச்சு வெச்சிருக்கு." தன் குறையையே தூக்கி அந்தப் பெண்ணின் தலையில் கட்டினாள். வயிற்றெரிச்சலுக்குக் கண் ஏது!

எந்தத் திரை நிலைப்பது என்பதை ஒரு வாத்தியாரை உட்காரவைத்துப் பார்த்து முடிவுசெய்வதாக ஏற்பாடு. வரவேண்டியவருக்குக் காய்ச்சல். "என் வீட்டுக்காரரும் வாத்தியார்தானே, வரச் சொல்றேன்" என்று முந்திக்கொண்டாள் அக்கா. எது யாருடையது என்று அவரிடம் சொல்லக் கூடாது. அங்கே அது சட்டம். சொல்வானேன்? கட்டினவருக்குத் தெரியாதா இவள் கைவேலை!

உள்ளே உட்கார்பவர் மனதில் தோன்றுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லவேண்டும். மற்றவர்கள் பக்கத்து அறையிலிருந்து கண்ணாடி வழியே பார்த்துக் கேட்பார்கள். அக்காவும் அந்தப் பெண்ணும் தோள் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள்.

முதலில் அக்காவின் திரை. வாத்தியார் மூக்குக்கண்ணாடியை ஏற்றினார், இறக்கினார். "அடடா, இதுல எங்கே தொடங்கறது? ஓ... இது அந்தப் புதுசா வந்த பொண்ணோடது! ஒண்ணும் தெரியாது, கண்டதையும் வாரி இறைச்சிருக்குன்னு என் வீட்டுக்காரி தினம் சொல்லுவா. சரியாத்தான் சொல்லியிருக்கா."

அடுத்த திரையில் மடமடவென்று கேள்விகளைப் போட்டு முடித்துவிட்டுச் சாய்ந்தார். "இதுதான் என் வீட்டுக்காரி பண்ணினது. எவ்ளோ சுத்தம் பாருங்க! அவளைத் தவிர யாரால முடியும்?"

மேனேஜர் இருமினார். இத்தனை வருஷத்தில் புருஷன் அக்காவின் வேலையை இப்படி வாய்நிறையப் புகழ்ந்ததே இல்லை. இப்போது புகழ்ந்ததும் அவளுக்கில்லை. பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்றிருந்தது அக்காவுக்கு.

வாத்தியார் சிரித்தபடி கதவைத் திறந்துகொண்டு வந்தார். "என்ன, சரியாக் கண்டுபிடிச்சேனா?"

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"இல்லைங்க" என்றாள் அக்கா. "குப்பையாக் கெடக்குதே, அதுதான் என்னோடது. நல்லா இருக்கறது இவளோடது."

"அப்ப நீ தினம் சொன்னது?" என்று கேட்டார் வாத்தியார், எல்லார் முன்னாலும்.

"வயித்தெரிச்சல்ல சொன்னது" என்றாள். "இன்னும் எரியுது."